மோட்டுவளை எலியும் மனைப்பட்டாவும்

நான் 7-ஆம் வகுப்பு படிக்கும்போது ஒரு நாள் என் கணக்கு நோட்டை எலி கடித்துவிட்டது. எங்கள் வீடு தர்மபுரி மாவட்டத்தில் ஒரு காலனியில் இருந்தது. மண்சுவர், மேலே கரும்புச் சோகை வேய்ந்த கூரை. புத்தகம் வைக்கத் தனி இடம் கிடையாது. சீப்பு, அரிவாள், ரேஷன் கார்டு எல்லாம் போகிற இடத்துக்கே என் நோட்டும் போகும். எரவாணத்தில் செருகி வைப்பேன். காலையில் எடுத்தபோது ஓரம் முழுக்கப் பொடிப்பொடியாக உதிர்ந்தது. நடுப்பக்கத்தில் எலிப்புழுக்கை.

ஆசிரியர் அந்த நோட்டை வகுப்புக்கு முன்னால் தூக்கிக் காட்டினார். "உங்க தெருவுல எலி இல்லாம வேற என்ன இருக்கும்? சுத்தமா இருந்தா ஏன் வருது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து ஆயாவிடம் அழுதேன். "எலிக்கு இன்னாடா தெரியும் ஊரு, சேரின்னு? சோகையில கூடு கட்டுது. நமக்கு ஒரு மெத்த வீடு கட்டிக் குடுக்கச் சொல்லு உங்க வாத்தியார" என்றார் ஆயா.

ஆசிரியர் சொன்னதுபோல எலி வருவது சுத்தத்தைப் பொறுத்ததா, ஆயா சொன்னதுபோல கூரையைப் பொறுத்ததா? இந்தக் கேள்விக்கு 100 ஆண்டுகளுக்கு முன்பே ஆய்வுக்கூடத்தில் விடை கிடைத்துவிட்டது. அந்த விடை நம் தெருவுக்கு ஏன் வரவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரை. படிக்கும் தோழர்கள் பலர் இன்று கான்கிரீட் வீட்டில் இருக்கலாம். உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு எலிக்கதை வைத்திருப்பார்கள்.

பிளேக் வந்த வழி

1896 செப்டம்பரில் பம்பாயில் பிளேக் நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கிருந்து தானிய மூட்டையோடும் ரயிலோடும் நகர்ந்து, ஹூப்ளி வழியாக 1898 ஆகஸ்டில் பெங்களூருக்கு வந்து சேர்ந்தது. பெங்களூரிலிருந்து ஓசூர் சுமார் 40 கிலோமீட்டர்தான். அன்று ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி எல்லாமே சேலம் மாவட்டத்தின் தாலூகாக்கள். தர்மபுரி தனி மாவட்டம் ஆனது 1965 அக்டோபர் 2-இல். அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004-இல். மைசூர் எல்லையை ஒட்டி இருந்ததால் சென்னை மாகாணத்தில் பிளேக் திரும்பத் திரும்ப வந்த மாவட்டங்களில் சேலமும் ஒன்றானது. கோவை வட்டாரத்தில் இன்றும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன. அந்தப் பயம் எவ்வளவு ஆழமாக இறங்கியிருந்தது என்பதற்கு அவை சாட்சி. இந்தியா முழுவதும் அடுத்த சில பத்தாண்டுகளில் 1 கோடிக்கும் மேற்பட்டோர் பிளேக்கில் இறந்தார்கள்.

ஆங்கில அரசு தொடக்கத்தில் சொன்னதும் என் ஆசிரியர் சொன்னதும் ஒன்றுதான். அழுக்குதான் நோய், ஏழையின் வீடுதான் நோயின் வீடு என்றார்கள். 1897-இல் கொள்ளைநோய்ச் சட்டம் வந்தது. வீடு புகுந்து சோதனை போட்டார்கள், நோயாளிகளைப் பிடித்து முகாமுக்குக் கொண்டுபோனார்கள், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், வெயில் படட்டும் என்று ஓட்டைப் பிரித்தார்கள். ஓலைக் குடிசை என்றால் தீ வைத்துவிடுவதே சுலபம் என்று கருதினார்கள்.

இந்தக் காலத்தைப் பற்றிப் பள்ளியில் நாம் படித்தது என்ன? புனேயில் பிளேக் அதிகாரி ராண்ட் 1897 ஜூன் 22-இல் சுடப்பட்டதையும், சபேகர் சகோதரர்களையும், திலகரையும் படித்தோம். அதிகாரிகள் பூட்ஸ் காலோடு சமையலறைக்கும் பூசையறைக்கும் வந்தார்கள் என்ற கோபத்தைப் படித்தோம். அந்த அத்துமீறல் உண்மைதான். ஆனால் அதே புனேயில், அதே ஆண்டில் நடந்த இன்னொன்றை எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்? சாவித்திரிபாய் புலேயின் மகன் யஷ்வந்த் ஒரு மருத்துவர். ஹடப்சர் அருகே ஊருக்கு வெளியே பிளேக் நோயாளிகளுக்காக மருத்துவமனை நடத்தினார். முந்த்வா கிராமத்து மஹர் குடியிருப்பில் ஒரு சிறுவனுக்கு நோய் கண்டபோது சாவித்திரிபாய் அவனை முதுகில் சுமந்து அங்கே கொண்டுவந்தார். அந்த நோய் தொற்றியே 1897 மார்ச் 10-இல் இறந்தார். ஒரு சேரிக் குழந்தையைத் தொட்டுத் தூக்கியவரின் சாவைவிட, சமையலறையில் பட்ட பூட்ஸ்தான் பாடப்புத்தகத்துக்குப் பெரிதாகப் பட்டிருக்கிறது.

பரேலில் கட்டிய 6 வீடுகள்

1898-இல் கராச்சியில் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர், எலியின் உடம்பில் வாழும் தெள்ளுப்பூச்சிதான் பிளேக்கை மனிதருக்குக் கொண்டுவருகிறது என்று கண்டார். எலி செத்து உடல் குளிர்ந்ததும் தெள்ளு அதை விட்டு இறங்கி வேறு உடலைத் தேடுகிறது. பல ஆண்டுகள் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1905-இல் அமைந்த பிளேக் ஆய்வு ஆணையம் பம்பாய் பரேலில் இதைச் சோதித்துப் பார்த்தது.

எப்படிச் சோதித்தார்கள் என்பதைக் கவனியுங்கள். ஒரே மாதிரி 6 சிறிய வீடுகளைக் கட்டினார்கள். வேறுபாடு கூரையில் மட்டும்தான். முதல் 2 வீடுகளுக்கு நாட்டு ஓடு. அடுத்த 2 வீடுகளுக்குத் தட்டையான மங்களூர் ஓடு. கடைசி 2 வீடுகளில் கூரையில் இருப்பது எதுவும் உள்ளே விழ முடியாதபடி அடைத்துவிட்டார்கள். முதல் 4 வீடுகளிலும் கூரைக்குக் கீழே கம்பிவலை கட்டினார்கள். எலி இறங்க முடியாது, ஆனால் தெள்ளும் தூசும் விழும். உள்ளே கினிப்பன்றிகளை விட்டார்கள். நாட்டு ஓட்டின் அடியில் எலிகள் தாராளமாகக் குடியேறின. பிளேக் வந்தபோது அந்த வீடுகளில் இருந்த கினிப்பன்றிகள் செத்தன. அடைப்பான கூரை கொண்ட வீடுகளில் இருந்தவை தப்பின.

தரை ஒன்று, சுவர் ஒன்று, வளர்த்த முறையும் ஒன்று. கூரை மாறியதும் உயிர் தப்பியது. ஆயா சொன்னது அதுதான். இன்னொன்றும் இதில் இருக்கிறது. நாட்டு ஓடு வேய்ந்தது பெரும்பாலும் ஊர்த்தெரு வீடுகளில். அங்கேயும் எலி இருந்தது, அங்கேயும் பிளேக் வந்தது. எலியைச் சேரிக்கு மட்டும் உரியதாகப் பேசுவது அறிவியலுக்குப் பொருந்தாத சாதிப் பேச்சு.

கூரை எலி எது?

நம் வீடுகளில் தொல்லை தருகிற எலிகளைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். வளை தோண்டி மண்ணைத் தள்ளுவது பெருச்சாளி. அது கூரை ஏறுவது குறைவு. சுண்டெலி சிறியது, அதன் புழுக்கை அரிசிமணியைவிடச் சின்னதாக இருக்கும். நீண்ட மூக்கோடு கீச்சிட்டுக்கொண்டு சுவரோரமாக ஓடும் மூஞ்சூறு எலி இனமே அல்ல, பூச்சியைத் தின்னும். மோட்டுவளையில் ஓடுவது கறுப்பெலி என்கிற வீட்டெலி. மெலிந்த உடல், பெரிய காது, உடலைவிட நீளமான வால். கயிற்றிலும் மூங்கிலிலும் வாலைச் சமன் செய்துகொண்டு ஓடும். பிளேக் வரலாற்றில் முக்கியமான எலியும் இதுதான், ஏனென்றால் மனிதரின் தலைக்கு நேர் மேலே குடியிருப்பது இதுதான்.

ஓலை, சோகை, மூங்கில் கூரையில் அதற்கு எல்லாம் கிடைக்கிறது. அடுக்கடுக்கான ஓலைக்கு நடுவே வெதுவெதுப்பான இடம், கூட்டுக்கு நார், ஒளிய மூங்கில் துளை, கீழே குதிரில் கேழ்வரகு. தெருவையே கழுவி விட்டாலும் இந்தக் கூரை இருக்கும்வரை எலி வரும்.

தெரிந்தும் செய்யாதது

கூரைதான் காரணம் என்று தெரிந்ததும் சில இடங்களில் கூரையை மாற்றினார்கள். டச்சுக்காரர்கள் ஆண்ட ஜாவா தீவில் 1911-இல் மலாங் பகுதியில் பிளேக் பரவியது. மூங்கில் கம்பங்களின் துளையிலும் கூரை வேய்ச்சலிலும் எலிகள் கூடு கட்டியிருந்ததைக் கண்டார்கள். மூங்கிலுக்குப் பதில் மரம், வேய்ச்சலுக்குப் பதில் ஓடு என்று அடுத்த 30 ஆண்டுகளில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளை மாற்றிக் கட்டினார்கள். அது தர்மம் அல்ல. கட்டாயப்படுத்தி, செலவை முன்பணமாகக் கொடுத்து, மக்களிடமே வசூலித்தார்கள். ஆனாலும் கூரையை மாற்ற முடியும் என்பது நிரூபணமானது.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு சான்று உண்டு. பெங்களூர் கண்டோன்மென்டில் 1910 வாக்கில் உருவான ஃப்ரேசர் டவுன், பிளேக் புகாத நகர் என்றே திட்டமிடப்பட்டது. அதை வடிவமைத்த ஜே.எச்.ஸ்டீஃபன்ஸ், பிளேக் புகாத நகர அமைப்பு பற்றி 1914-இல் ஒரு நூலே வெளியிட்டார். ஆக, ஓசூரிலிருந்து ஒரு நாள் மாட்டுவண்டி தூரத்தில் எலி அண்டாத வீட்டுக்கான திட்டம் அச்சிலேயே இருந்தது.

அது சேரிக்கு ஏன் வரவில்லை? பணம் இல்லை என்பது பாதிப் பதில். மீதிப் பதில் தரையில் இருக்கிறது. செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் 1891-இல் அந்த மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். குடிசை நிற்கிற மனையே மிராசுதாரின் பிடியில் இருந்ததையும், எதிர்த்துப் பேசினால் குடியிருப்பையே இழக்க நேரிடும் என்பதையும் அதில் காணலாம். பஞ்சமி நிலங்களுக்கு வழி திறந்த 1892 அரசாணை இந்த அறிக்கையின் தொடர்ச்சி. நாம் அதை விளைநிலத்துக்காகவே நினைவுகூர்கிறோம். வீட்டுமனைக்காகவும் நினைவுகூர வேண்டும். சேலம் மாவட்டத்தில் நிலமுறை வேறுதான். ஆனால் ஆண்டையின் நிலத்தோரம் குடிசை போட்டு, அவர் சொன்னால் பிரித்துக்கொண்டு போக வேண்டும் என்ற பயம் அந்த ஒரு மாவட்டத்தோடு முடிந்ததல்ல. நாளை விரட்டப்படக்கூடிய இடத்தில் யார் ஓடு போடுவார்கள்? பிரித்துத் தூக்கிக்கொண்டு போகக்கூடிய கூரையைத்தான் போட முடியும். அந்தக் கூரையில்தான் எலி கூடு கட்டும்.

1920-இல் சென்னை மாகாணத்தில் தொழிலாளர் ஆணையரின் கீழ் ஒடுக்கப்பட்டோருக்கான பணிகள் தொடங்கியபோது முதன்மையான வேலைகளில் ஒன்று வீட்டுமனை வாங்கிக் கொடுப்பது. அதற்கும் கூட்டுறவுச் சங்கம் வைத்து, மனையின் விலையைத் தவணை தவணையாக நம் மக்களிடமே வசூலித்தார்கள்.

பிளேக் கடைசியில் அடங்கியது. டி.டி.டி. வந்தது, ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது. ஆனாலும் தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் சந்திக்கும் எல்லையில் அது நீண்ட காலம் ஒட்டிக்கொண்டிருந்தது. 1994 சூரத் பிளேக்குக்கு முன் இந்தியாவில் கடைசியாக மனிதரிடம் உறுதி செய்யப்பட்ட நோய் 1966-இல் கர்நாடகத்தில். ஓசூரில் தமிழ்நாடு அரசின் பூச்சியியல் மற்றும் விலங்கு வழி நோய்களுக்கான நிறுவனம் இருப்பதற்கும் இந்த எல்லையின் பிளேக் வரலாற்றுக்கும் தொடர்பு உண்டு. மருந்து வந்தது, கண்காணிப்பு வந்தது. கூரை மட்டும் அப்படியே இருந்தது.

எலி பிடிப்பவர் யார்?

எலி எல்லோர் வீட்டிலும் இருந்தாலும், எலியின் பெயரால் இழிவு சிலருக்கு மட்டும் வந்தது. பீகாரில் முசஹர் என்ற பட்டியல் சாதி மக்களின் பெயருக்கே எலி தின்பவர், எலி பிடிப்பவர் என்றுதான் பொருள் சொல்கிறார்கள். அந்தச் சமூகத்தில் பிறந்த ஜிதன் ராம் மாஞ்சி 2014-இல் முதலமைச்சர் ஆன பிறகும் அந்தப் பெயர் வசைச்சொல்லாகவே புழங்குகிறது. தமிழ்நாட்டில் இருளர் மக்கள் வயல்வரப்பில் வளை பார்த்து, பானையில் புகை போட்டு வாயால் ஊதி எலி பிடித்திருக்கிறார்கள். நெல்லைக் காப்பாற்றியவர்கள் அவர்கள். அந்தப் புகை போனது அவர்களுடைய நுரையீரலுக்குள். விவசாயி வீட்டுக்கு மிச்சமான நெல் போனது, இவர்களுக்கு எலிக்கறி என்ற ஏச்சு வந்தது. எந்த வேலையையும் பிறப்பின் பெயரால் ஒருவர் தலையில் கட்டுவதை நாம் ஏற்பதில்லை. எலி பிடிப்பதும் அதில் அடங்கும். தன் வீட்டு எலியைத் தானே பிடிக்கக் கற்றுக்கொள்வதும் சாதி ஒழிப்பு வேலைதான்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது

கூரை மாறும்வரை கைகட்டி நிற்க முடியாது. காலனியில் மாலை வகுப்பு நடத்தும் தோழர்கள் இதையும் ஒரு வகுப்பாக நடத்தலாம்.

முதலில் அடையாளம். இரவில் மேலே ஓடும் சத்தம், விட்டத்திலும் சுவர் மேலும் எண்ணெய் பிசுக்குப் போன்ற கறுப்புத் தடம், சுமார் 1 சென்டிமீட்டர் நீளப் புழுக்கை, மூத்திர வாடை, கடித்த வயர். தடம் இருக்கும் பக்கம்தான் எலியின் பாதை. பொறியை அந்தப் பாதையிலேயே சுவரோரமாக வைக்க வேண்டும். கருவாடு, தேங்காய்ச் சில்லு, வறுத்த வேர்க்கடலை எதுவும் போதும்.

அடுத்து வழியை அடைப்பது. கட்டைவிரல் நுழையும் இடைவெளியிலேயே எலி நுழைந்துவிடும். சுவருக்கும் கூரைக்கும் நடுவே உள்ள இடைவெளியைச் சிறுகண் இரும்பு வலையால் அடையுங்கள். ஓட்டையில் துணியைத் திணித்தால் கூட்டுக்குத்தான் எடுத்துப் போகும். சிமெண்டோடு உடைந்த கண்ணாடிச் சில்லைக் கலந்து பூசுங்கள். கூரையைத் தொடும் முருங்கை, வேப்பங்கிளைகளை வெட்டுங்கள். தானியத்தை மூடியுள்ள தகர டிரம்மில் வையுங்கள். 4 வீடு சேர்ந்து ஒரே வாரத்தில் செய்தால்தான் பலன். ஒரு வீட்டில் விரட்டினால் அடுத்த வீட்டுக்குப் போகும். எலி மூன்று வாரத்தில் குட்டி போட்டுவிடும்.

புழுக்கையை உலர்ந்தபடி பெருக்காதீர்கள். ப்ளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தெளித்து, ஊறவிட்டு, கையில் பாலிதீன் பை மாட்டித் துடையுங்கள். எலி மூத்திரம் கலந்த தண்ணீர் காலில் புண் இருந்தால் எலிக்காய்ச்சலைத் தரும். காரணம் தெரியாமல் எலிகள் கூட்டமாகச் செத்து விழுந்தால் தொடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு உடனே சொல்லுங்கள். விஷப் பசை எதையும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசையால் எத்தனையோ பிள்ளைகளை இழந்திருக்கிறோம். தமிழ்நாடு அரசு அதைத் தடை செய்திருக்கிறது. எந்தக் கடையிலாவது விற்றால் புகார் கொடுங்கள்.

கூரைக்கு முன் தரை

தொகுப்பு வீடு வந்தும் நம் கூரைக் கதை முடியவில்லை. பல காலனிகளில் அந்தக் கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிகிறது. ஒழுகுகிறது என்று மேலே தார்ப்பாயும் ஓலையும் போடுகிறார்கள். அந்த இடைவெளியில் மறுபடி எலி. பாடுபட்டுக் கட்டிய கூரைக்கும் காவல் இல்லை. 2012 நவம்பர் 7-இல் ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைக் காரணம் காட்டி நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய இடங்களில் 200-க்கும் மேற்பட்ட வீடுகளைச் சூறையாடித் தீ வைத்தார்கள். எரிந்தவற்றில் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கூலிக்குப் போய்ச் சேர்த்த காசில் எழுந்த வீடுகளும் உண்டு. குடிசையில் இருந்தால் எலியோடு இருக்கிறாய் என்று சிரிப்பவர்கள், நல்ல கூரை போட்டால் பொறுத்துக்கொள்ளவில்லை.

2030-க்குள் குடிசையில்லாத் தமிழ்நாடு என்று சொல்லி, 8 லட்சம் வீடுகள் கட்டும் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தை அரசு 2024-இல் தொடங்கியது. வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய். வரவேற்போம். ஆனால் பட்டா உள்ள மனை கேட்கிறார்கள். ஏரிக்கரையிலும் ஓடைப் புறம்போக்கிலும் தலைமுறையாக இருப்பவர்கள், ஒரு மனையில் 3 குடும்பமாக நெருக்கிக்கொண்டு இருப்பவர்கள் என்ன செய்வார்கள்? 1891-இல் எழுதப்பட்ட அதே பிரச்சினை இன்றும் விண்ணப்பப் படிவத்தில் ஒரு கட்டமாக நிற்கிறது.

எனவே தோழர்களே, அடுத்த கிராம சபைக்கு முன் உங்கள் காலனியில் ஒரு கணக்கெடுங்கள். வீடு வீடாகப் போய் 3 கேள்வி கேளுங்கள். கூரை என்ன? எலி உண்டா? மனைக்குப் பட்டா உண்டா? 3 பதிலையும் ஒரே வரிசையில் எழுதிப் பார்த்தால் உங்கள் ஊரின் வரலாறு அதில் தெரியும். அந்தத் தாளைத் தீர்மானத்தோடு இணைத்து மன்றத்தில் வையுங்கள். நகல் ஒன்றை வட்டாட்சியருக்கு அனுப்பி ஒப்புதல் சீட்டு வாங்குங்கள்.

அந்தத் தாளை மட்டும் எரவாணத்தில் செருகி வைக்காதீர்கள்.